அவுரித் தொட்டியும் ஆண்டறிக்கையும்

அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தால் துணிக்குச் சாயம் ஏற்றும் அவுரித் தொட்டி ஒருவழியாக நிலைத்துவிட்டது. 20 லிட்டர் பெயின்ட் வாளி. அதில் 15 லிட்டர் சாயம். மேலே செம்பு நிறத்தில் ஓர் ஏடு மினுங்குகிறது. அதைக் கரண்டிக் காம்பால் ஒதுக்கினால் கீழே தெளிந்த பழுப்பு மஞ்சள். துணியை முக்கி எடுத்தால் இளம்பச்சையாக வருகிறது. கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓரங்களில் நீலம் ஏறத் தொடங்கிவிடுகிறது. கொழுந்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு 60 தாம்பூலப் பைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டதில் தொடங்கிய வேலை இது. பைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, வாளி மட்டும் இன்னும் கொல்லையில் இருக்கிறது.

நான் அரிமானம் பற்றி ஆராய்கிறவள். இரும்பு உப்புக்காற்றில் எப்படித் தின்னப்படுகிறது என்று பார்ப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. வீடு காரைக்குடியில். அவ்வப்போது மண்டபம் கடற்கரைக்குப் போய், வெயிலிலும் காற்றிலும் நிற்கும் மாதிரித் தகடுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணவருக்கு வங்கி வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, கூடவே அத்தை, என் மாமியார். ஆகவே சாயம் எப்படிப் போடுவது என்பதைவிட, எந்த வேலையை எந்த இடத்தில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்து போகலாம் என்பதைத்தான் நான் அதிகம் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு கைவேலை தங்குமா தங்காதா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சுலபமான வழி ஒன்று இருந்தது. சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் டைதயோனைட், கொஞ்சம் காஸ்டிக் சோடா, செயற்கை நீலம். அரை மணி நேரத்தில் தொட்டி தயார். 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்த பிறகு அவுரி வயல்கள் காலியானதற்குக் காரணங்களில் இந்த மாதிரிச் சுலபமும் ஒன்று. ஆனால் காஸ்டிக் சோடாவும் கந்தக நெடியும் இருக்கிற இடத்தில் எட்டு வயதுப் பையனை நிறுத்த முடியாது. பையனை வெளியே அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை எதற்காக இதில் செலவழிக்க வேண்டும்? அந்த வழியை அங்கேயே விட்டோம்.

எனக்குப் பழைய முறையின் மேல்தான் ஆசை. தென்னிந்தியச் சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் அவுரியும் சேர்த்துப் பானையில் புளிக்க விடுவார்கள். தண்ணீரில் கரையாத நீலத்தைக் கரைய வைக்கிற வேலையை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ தகரை விதை, 150 ரூபாய்க்கு ஒரு மண்பானை, விழுப்புரம் பக்கத்தில் விளைந்த அவுரியில் எடுத்த நீலத்தூள் 50 கிராம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. பானை கொழகொழவென்று நுரை கட்டியது, ஓரத்தில் நீலக் குமிழிகள்கூடத் தெரிந்தன.

புளிப்புத் தொட்டிக்குக் காலையும் மாலையும் ஆள் வேண்டும். புளிக்கப் புளிக்கக் காரம் இறங்கும். இறங்கும்போது ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டு ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து மண்டபம் போக வேண்டி வந்தது. அங்கிருந்து போனில் கணவரிடம், காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளின் நிறத்தைக் கேட்டால், அவர் "பச்சை மாதிரியும் இருக்கிறது, காக்கி மாதிரியும் இருக்கிறது" என்கிறார். மகள் படம் எடுத்து அனுப்பினாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் தாளும் பச்சையாகத்தான் தெரியும். அடுத்த போனில் பேசியது அத்தை. "கொல்லையில் எலி ஏதோ செத்துக் கிடக்கிறதம்மா, தேடுகிறோம், கிடைக்கவில்லை" என்றார். நான் வந்து பார்த்தபோது பி.எச். 7-க்கு வந்திருந்தது. சாம்பல் நிறக் கூழ். துடைப்பக் குச்சியால் அடித்து எவ்வளவு காற்றுக் கலந்தும் நீலம் பெரிதாகத் திரும்பவில்லை. பானையோடு குழியில் இறக்கி மூடினோம்.

புளிப்புத் தொட்டி மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. எப்போதும் ஓர் ஆள் இருக்கிற, அந்த ஆளுக்கு மூக்குப் பழகிய வீட்டுக்கு உரிய முறை அது. மாதத்தில் சில நாள் ஊரில் இல்லாதவளுக்குக் காத்திருக்கத் தெரிந்த தொட்டிதான் சரிப்படும். அப்படிப் பார்த்துத்தான் சர்க்கரைத் தொட்டிக்கு வந்தோம். கணக்கு மனப்பாடம் செய்துகொள்ளும்படி எளிமையானது: நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை மூன்று பங்கு. பிரான்ஸ் நாட்டுத் தாவரச் சாய வல்லுநர் மிஷேல் கார்சியா பரப்பிய அளவு. உயிருள்ளது எதுவும் இதில் இல்லை. மூடி வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும்; மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் தீனி போட்டால் எழுந்துவிடும்.

சர்க்கரையில் ஒரு சுற்று அலைந்தோம். வீட்டில் நாட்டுச் சர்க்கரை இருக்கும்போது ஃபிரக்டோஸ் எதற்கு என்று அத்தை கேட்டது நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் ஹார்லிக்ஸ் புட்டியில் சின்னதாகச் செய்து பார்த்தோம். சாதாரணச் சர்க்கரை எவ்வளவு போட்டாலும் நீலத்தை அசைக்காது. நீலத்தைக் கரைய வைக்கிற வகைச் சர்க்கரை அல்ல அது. நாட்டுச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கலந்திருப்பதால் மெல்ல அசைந்தது. துணி வெளிறிய வானத்தின் நிறத்துக்கு மேல் ஏறவில்லை. மருந்துக்கடைக் குளுக்கோஸ் அதைவிடத் தேவலாம், ஆனால் சூடு அதிகம் கேட்கிறது. கறுத்துப்போன பூவன் பழத்தை வேகவைத்து வடிகட்டிய தண்ணீர் வியக்கத்தக்க அளவில் வேலை செய்தது. 15 லிட்டருக்கு எத்தனை சீப்பு ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அரை கிலோ ஃபிரக்டோஸ் பொட்டலத்தை 260 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.

சுண்ணாம்பில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. முதல் வாளிக்கு, வெள்ளையடிக்க என்று கடையில் திறந்த சாக்கில் இருந்த தூளை வாங்கினேன். போடப் போட பி.எச். 9-ஐத் தாண்ட மறுத்தது. திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணக்கல்லாகவே திரும்பிவிடும். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டால் தெரிந்துவிடுகிறது: பொங்கி நுரைத்தால் கெட்டுப்போன சுண்ணாம்பு, பேசாமல் கரைந்தால் நல்லது. நம் சாக்குச் சுண்ணாம்பு சோடா போல் நுரைத்தது. ஆய்வகத்தில் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு புட்டி புட்டியாக இருக்கிறது, ஆனால் அங்கிருந்து ஒரு கரண்டிகூட வீட்டுக்கு வராது என்பது நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வைத்திருக்கும் சட்டம். அரசாங்கப் பொருள் என்பது ஒரு காரணம். அங்கிருந்து ஒன்று வர ஆரம்பித்தால் பின்னாலேயே எல்லாம் வந்துவிடும் என்பது இன்னொன்று.

விடை அத்தையின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு எப்போதும் ஈரமாக, மேலே நீர் நிற்கும்படி இருக்கிறது. காற்றுப் படுவதே இல்லை. எலுமிச்சை விட்டுப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. வெற்றிலைக் கடையில் நிறம் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பு அரை கிலோ 40 ரூபாய். ஆனால் அது குழம்பு. எடை போட்டால் பாதி தண்ணீர். 10 கிராமை இரும்புச் சட்டியில் ஈரம் போகும்வரை காய வைத்து நிறுத்தேன், 4.6 கிராம் நின்றது. ஆகவே எனக்குத் தேவையான 120 கிராம் சுண்ணாம்புக்கு 260 கிராம் குழம்பு. ஈரச் சுண்ணாம்பில் இன்னொரு வசதி, தூள் பறந்து கண்ணில் விழாது. ஆனாலும் சுண்ணாம்பைத் தொடுவது பெரியவர்கள் மட்டும்தான். கண்ணாடி போடாமல் வாளிக்குப் பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்பதில் எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை.

இனி வாளி. நீலத்தூள் 60 கிராம். தண்ணீரில் போட்டால் அப்படியே மிதக்கிற பிடிவாதமான தூள் இது. ஈரமாகவே மாட்டேன் என்கிறது. அகன்ற வாய் பிளாஸ்டிக் புட்டியில் தூளும் வெந்நீரும் பத்துப் பதினைந்து கோலிக்குண்டும் போட்டு இறுக மூடி மகன் கையில் கொடுத்தோம். வீட்டைச் சுற்றி ஓடிக் குலுக்கினான். ஓடிக் களைத்து நின்ற பிறகு புட்டியைச் சாய்த்தால் கட்டி எதுவும் இல்லை, மை மாதிரி வழிந்தது. இந்த ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுத்தாலும் இவ்வளவு நன்றாக வராது. 12 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி வாளியில் ஊற்றி, 180 கிராம் ஃபிரக்டோஸைக் கரைத்து, மையை ஊற்றி, சுண்ணாம்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தோம். பிறகு 15 லிட்டர் கோட்டுக்குத் தண்ணீர். கலக்குவது வாளியின் ஓரமாக, ஒரே திசையில், மெதுவாக. மோர் கடைவதுபோல் கடைந்தால் காற்றுப் புகுந்து செய்த வேலை எல்லாம் போய்விடும்.

இந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் முழு வேலையிலும் எழுந்து போக முடியாத இடம். முக்கால் மணிக்கு ஒருமுறை கலக்கி மூட வேண்டும், சூடு 45-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது. சனிக்கிழமை பிள்ளைகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்த மாலையை இதற்கு ஒதுக்கினேன். இடையில் கிடைக்கும் முக்கால் மணியில் ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேட்டு அத்தியாயத்தைத் திருத்தலாம் என்று எடுத்து உட்கார்ந்தேன். நாலாம் பக்க ஓரத்தில் தெளிவான நீலப் பெருவிரல் ரேகை விழுந்ததுதான் மிச்சம். மாணவி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று கேள்வி. சாயம் போடுகிற இடைவேளைகள் கீரை ஆயவும் துணி மடிக்கவும் ஏற்றவை. கவனம் கேட்கிற எதையும் அங்கே கொண்டு போகக் கூடாது.

தொட்டி தயாரா என்று அறிய என் கையில் வேறு வழிகள் இருந்தன. பிளாட்டினக் கம்பி ஒன்றும் ஒப்பீட்டு மின்முனை ஒன்றும் இறக்கினால் மில்லிவோல்ட் கணக்கில் சொல்லிவிடலாம். மின்வேதியியல் படித்தவளுக்குக் கை அரிக்காதா? அதற்கு முன்னோட்டமாக 1,100 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் பி.எச். மானி வாங்கினேன். சுண்ணாம்பு அதன் கண்ணாடிக் குமிழ் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்து, ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டத் தொடங்கியது. வினிகரில் ஊற வைத்தால் சரியாகும், மறுபடி படியும். நான் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு நேரம், சூடு, பி.எச். என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து மகள் சொன்னாள், "அம்மா, நீங்கள் இன்று லீவில் இருக்கிறீர்கள்." மானி அலமாரிக்குள் போயிற்று. இப்போது 120 ரூபாய்த் தாள்தான். 10-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் போதும். மற்றதை ஏடும், நடுவில் திரளும் கருநீல நுரைப் பூவும் சொல்லிவிடுகின்றன. வெள்ளைத் துணிக்கீற்றை இரண்டு நிமிடம் முக்கி எடுத்தால் அது பச்சையாக வந்து நீலமாக மாற வேண்டும். நீலமாகவே வந்தால் அது வெறும் தூள் ஒட்டியிருக்கிறது, கழுவினால் போய்விடும்.

துணிக்கு வருவோம். 44 அங்குல அகலக் காடாத் துணி 12 மீட்டர், மீட்டர் 70 ரூபாய். ஒரு பை முடிந்த அளவில் 10-க்கு 12 அங்குலம். தையல், சுருக்கு, மடிப்பு எல்லாம் சேர்த்து 11-க்கு 27 வெட்டினால் அகலத்தில் நான்கு துண்டு. காடாவைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கஞ்சியும் பஞ்சின் மெழுகும் அதில் நிறைய. 2 கிலோ துணிக்குச் சலவைச் சோடா 40 கிராம், சாதாரணப் பார் சோப்புச் சீவல் 20 கிராம். கல்யாண அண்டாவில் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டோம். தண்ணீர் கட்டன் தேநீர் நிறத்துக்கு வந்தது. பாதித் துணிக்கு அவசரப்பட்டு அரை மணியில் இறக்கியதில், அவை தண்ணீரில் போட்டால் மூழ்காமல் மிதந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் மறுபடி அண்டாவுக்கு. இது விட்டுப் போக மிக வசதியான கட்டம். இரவு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் அலசிக்கொள்ளலாம்.

அதைவிட வசதியானது, சாயம் ஏறாத வெள்ளை வட்டங்களுக்காகத் துணியில் முடிச்சுப் போடுவது. பை பொட்டலம் ஒன்றும் நூலும் என் கைப்பையிலேயே இருந்தன. மகளின் நடன வகுப்பு வாசல், மண்டபம் போகும் ரயில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய அரை மணி என்று எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு முடிச்சு நகரும். மதுரைச் சுங்குடிக்காரர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். அவர்கள் நகத்தால் துணியைக் கிள்ளி, கடுகளவு முடிச்சுகளை ஆயிரக்கணக்கில் போடுகிறவர்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. எங்களுக்கு ஒரு பைக்கு ஒன்பது வட்டம் வந்தால் போதும். முதலில் உள்ளே கொண்டைக்கடலை வைத்துக் கட்டினோம். சாயத்துக்கு முன் துணியை ஊற வைப்போம் அல்லவா, கடலையும் ஊறியது. உப்பி நூலை அறுத்துக்கொண்டு வந்தது ஒரு பாதி, மீதி வட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கோணின. மகள் தன் தட்டாங்கல் கூழாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினாள். அவை ஊறவில்லை, திரும்பத் திரும்பப் பயன்பட்டன.

நூலிலும் ஒரு பாடம். சாக்குத் தைக்கும் நூலால் கட்டி, பிரிக்கும்போது கத்தரிக்கோலை நுழைத்தால் துணியில் ஓட்டை விழுகிறது. மூன்று பைகள் அப்படிப் போயின. அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பூக்கட்டும் நூலை எடுத்தார். மல்லிகைக் காம்பைச் சுற்றுவதுபோல, இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணிக் கழுத்தைப் பிடித்து, வலது விரல்களில் நூலைத் திருப்பி ஒரு சுருக்கு, மேலே இன்னொரு சுருக்கு, ஓர் இழுப்பு. முடிச்சே கிடையாது. பூ உதிர்ந்தால் வெறும் நூலாகி விடுவதுபோல, சாயமிட்ட பின் துணியை இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கல் துள்ளி விழுந்து சுருக்கும் அவிழ்ந்துவிடும். நான் ஒரு வட்டம் கட்டுவதற்குள் அவர் நான்கு கட்டினார். அந்த வேலை அதோடு முழுவதுமாக அவர் கைக்குப் போனது. டி.வி. தொடர் ஓடும் நேரத்தில் பைகள் தயாராகிக்கொண்டே இருந்தன.

முக்கியெடுப்பது ஞாயிறு காலை. சித்திரை, வைகாசி வெயிலில் வாளியை மொட்டை மாடியில் மூடி வைத்தாலே மத்தியானத்துக்குள் 40 டிகிரி வந்துவிடுகிறது. காலையில் தொடங்க வேண்டும் என்றால் மேல் தெளிவில் இரண்டு லிட்டரை மெதுவாக மொண்டு, சூடாக்கி, குழாய் வழியே அடியில் விட்டால் போதும். அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சுண்ணாம்புச் சேறு படியும். துணி அதைத் தொட்டால் வெள்ளைத் திட்டு. வாளிக்குள் ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை இறக்கி அதற்கு முட்டுக் கொடுத்தோம். துணியை ஊற வைத்துப் பிழிந்து, காற்றுக் குமிழி இல்லாமல் சாய்த்து இறக்க வேண்டும். முதல் முக்கு 10 நிமிடம், பிறகு ஒவ்வொன்றும் 5 நிமிடம், நடுவில் கொடியில் 15 நிமிடம். ஒரே முக்காக அரை மணி போட்டால் ஆழமான நீலம் வரும் என்று தோன்றும். வராது, ஏற்கெனவே பிடித்ததும் கரைந்து போகும். நாலைந்து முக்கில் மைநீலத்துக்குச் சற்று முந்திய நிறம் கிடைத்தது.

பங்கு பிரிவினை தானாக அமைந்தது. கணவர் கடிகாரமும் கொடியும், மகள் முக்குவது, மகன் ஊற வைத்துப் பிழிவது, நான் வாளி. கையுறை முழங்கை வரை வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கியும் என் நகங்கள் நீலமாகிவிட்டன. திங்கள் காலைக் குழுக் கூட்டத்தில் புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டிய விரலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன், வீட்டில் அவுரி என்று. அறையில் இருந்த மூத்தவர் ஒருவர் தம் பாட்டி அவுரி இலை அரைத்துத் தலைக்குத் தடவியதை விவரிக்க ஆரம்பித்து, கூட்டம் தாமதமானது. பெண் ஆய்வாளர்கள் வீட்டுக் கைவேலையை அலுவலகத்தில் சொல்லாமல் மறைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையில் கவனம் இல்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். டென்னிஸ் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பயம் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கிலோ துணியைத் தாண்டியதும் வாளி இளைத்தது. ஏடு மெலிந்தது, துணி பச்சையாக வராமல் வெளிறி வந்தது, பி.எச். 9.5. சுண்ணாம்புக் குழம்பு 60 கிராம், ஃபிரக்டோஸ் 60 கிராம் போட்டு எழுப்பினோம். மிச்சம் இருந்த நீலத்தையும் கரைத்து ஊற்றினோம். எழுந்தது, ஆனால் அடுத்த ஞாயிற்றுக்குத்தான் முழுத் தெளிவு வந்தது. அதற்குள் எனக்கு ஆண்டறிக்கை, மகளுக்குத் தேர்வு. இன்னும் 30 பைக்குத் துணி இருக்கிறது, விழா நெருங்குகிறது. இரவெல்லாம் கண்விழித்து முடித்துவிடலாம் என்று நான் கிளம்பியபோது கணவர் கேட்டார்: "பை முழுக்க நீலமாக இருக்க வேண்டும் என்று தம்பி கேட்டானா?" கேட்கவில்லைதான். மீதி 30 பைகளைச் சாயமிடாத காடாவாகவே விட்டுவிட்டு, பிடிக்கு நாடாவையும் முன்பக்கச் சின்னப் பைக்கு வெட்டுத் துண்டுகளையும் மட்டும் நீலத்தில் முக்கினோம். நாடா எடை குறைவு, ஒரு காலையில் முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விழாவில் அந்தப் பைகளைத்தான் எல்லோரும் தேடி எடுத்தார்கள்.

சாயமிட்ட துணியைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வினிகர் விட்டு இருபது நிமிடம் ஊற வைத்தால் சுண்ணாம்பு முறிகிறது, துணியின் மொரமொரப்பும் போகிறது. அதற்குப் பிறகு வெந்நீர் சோப்பில் கசக்க வேண்டும். கடைசி ஈட்டுக்கு இந்தச் சோப்புக் குளியலை நேரமில்லை என்று தள்ளிவிட்டுத் தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் இயந்திரத்தின் மேசையும், அடுத்துத் தைத்த யாரோ ஒருவரின் வெள்ளைப் பாவாடையும் நீலம் பூசிக்கொண்டன. பாவாடைக்கு நான் பணம் கொடுத்தேன்; அவர் என்னிடம் பேச இரண்டு வாரம் ஆனது.

செலவு: துணி 840, நீலத்தூள் 100 கிராம் 450, ஃபிரக்டோஸ் 260, சுண்ணாம்பு 40, சோடாவும் சோப்பும் 60, வெப்பமானி 180, கையுறை 90, தாள் 120, தையல் கூலி பைக்கு 12 வீதம் 720. மொத்தம் 2,760 ரூபாய், பைக்கு 46. கெட்டுப்போன பானை, அதில் போன 50 கிராம் நீலம், மானி, பாவாடை இதில் சேரவில்லை. வாளி பெயின்டரிடம் சும்மா வாங்கியது. கடையில் அச்சிட்ட தாம்பூலப் பை இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆகவே சிக்கனத்துக்காக யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அடுத்த முறை மாற்றப் போவது சில. துணியை வெட்டி, ஓரம் அடித்து, பை மூட்டுவதற்கு முன்பே முக்க வேண்டும். தைத்த பின் முக்கியெடுத்த இரண்டு பைகளில் மூட்டுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளைக் கோடு நின்றது. கூடைக்குப் பதில் எவர்சில்வர் வலைத்தட்டு ஒன்று அடிக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடை மிதந்து எழும்புகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வாளியைத் திறக்கவே கூடாது என்று நாட்காட்டியில் மகள் நீலப் பேனாவால் அடித்து வைத்திருக்கிறாள். இப்போது வாளி மூடியோடு தூங்குகிறது. மாதம் ஒருமுறை கரண்டி ஃபிரக்டோஸ், கரண்டி சுண்ணாம்பு. ஆடி கழிந்ததும் கணவரின் பழைய வெள்ளைச் சட்டைகள் இரண்டு உள்ளே போகின்றன. காலரில் கறை ஏறியவை, அவருக்கு இன்னும் தெரியாது.